சாக்பீஸ் வட்டத்துக்குள் சாரா: 'எ லிட்டில் பிரின்சஸ்' (1995)

இந்தப் படத்தை மூன்று முறை முழுதாகப் பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் ஒரே இடத்தில் நிறுத்தி, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் மீதியைப் பார்க்க முடிந்தது.

அப்பா போரில் இறந்துவிட்டார், சொத்தும் போய்விட்டது என்று, விடுதிப் பள்ளியில் படிக்கும் சிறுமி சாராவிடம் அவள் பிறந்தநாளன்று சொல்கிறார்கள். அன்றே அவளுடைய நல்ல அறை, துணிமணி எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு, கூரைக்குக் கீழே பரண் மாதிரி இருக்கும் ஓர் அறையில் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கே அவள் ஒரு சாக்பீஸ் துண்டை எடுக்கிறாள். மரத்தரையில் தன்னைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறாள். அதற்குள் சுருண்டு படுத்துக்கொண்டு, அப்பாவைக் கூப்பிட்டு அழுகிறாள். அவ்வளவுதான் காட்சி.

அந்த வட்டம் எங்கிருந்து வந்தது என்று நம்மில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காட்டில் சீதையைச் சுற்றிப் போட்ட கோடு அது. இதைத் தாண்டாதே, தாண்டாதவரை உனக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போன கோடு. சாராவுக்குக் கோடு போட்டுக் கொடுக்க ஆள் இல்லை. அதனால் தானே போட்டுக்கொள்கிறாள்.

இப்படி ஒரு காட்சி நாவலில் கிடையாது. பிரான்சிஸ் ஹாட்ஸன் பர்னெட் 1905இல் வெளியிட்ட நாவலில் ராமாயணமே இல்லை. ஆனாலும் அந்த நாவலை நன்றாகப் புரிந்துகொண்டவர்களால் மட்டுமே இந்தக் காட்சியை யோசித்திருக்க முடியும். இந்தப் படத்தைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. கடைசிப் பகுதியைப் பற்றி ஒரு சண்டையும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த வட்டத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

நாவலை நான் படித்தது பதினோரு வயதில், ஒரு பள்ளி ஹாஸ்டலில். நூலக அலமாரியின் கீழ்த்தட்டில் அட்டை கிழிந்து கிடந்த சுருக்கப் பதிப்பு. அதற்கு முந்தைய வருடம்தான் என் அப்பா இறந்திருந்தார். ஸ்டடி நேரத்தில் என்னை வார்டன் அறைக்குக் கூப்பிட்டார்கள். நான் கீழே சிவப்புச் சிமெண்ட் தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு விரிசல் மேசைக்காலிலிருந்து கிளம்பிக் கதவு வரைக்கும் போயிருந்தது. வார்டன் செய்தியைச் சொன்னார். பெட்டியில் நாலு நாளைக்கு வேண்டிய துணி எடுத்து வை, மாமா வந்துகொண்டிருக்கிறார் என்றார். அப்புறம், இந்தப் பருவத்துக் கட்டணம் கட்டியாயிற்றா என்று என்னிடம் கேட்டார். பத்து வயதுப் பெண்ணிடம். அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது இன்றுவரை நினைவுக்கு வரவில்லை. விரிசல் மட்டும் நினைவிருக்கிறது.

அடுத்த வருடம், பள்ளியை நடத்தும் மிஸ் மிஞ்சின் சாராவிடம் பணக் கணக்குப் பேசும் பக்கத்தைப் படித்தபோது, இதை எழுதியவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். அதனால் இந்த நாவலைத் தொடுகிற எந்தப் படத்தையும் என்னால் சும்மா பார்க்க முடியாது. என் வீட்டுக்குள் யாரோ நுழைந்து சாமான்களை இடம் மாற்றுவதைப் பார்ப்பது மாதிரிதான் பார்ப்பேன்.

படத்தின் இயக்குநர் அல்ஃபோன்சோ குவாரோன் நிறையவே இடம் மாற்றியிருக்கிறார். நாவல் லண்டனில் நடக்கிறது. படத்தில் பள்ளிக்கூடம் நியூயார்க்குக்கு வந்துவிட்டது. நாவலில் போர் கிடையாது. அங்கே அப்பா ராணுவ கேப்டன்தான், ஆனால் ஒரு நண்பனை நம்பி வைரச் சுரங்கத்தில் பணத்தைப் போடுகிறார், அது மூழ்கிவிட்டது என்று கேள்விப்பட்டு, காய்ச்சலில் இந்தியாவிலேயே இறந்துபோகிறார். படத்தில் 1914, முதல் உலகப் போர் தொடங்குகிறது. கேப்டன் க்ரூ மகளை நியூயார்க்கில் விட்டுவிட்டுப் போர்முனைக்குப் போகிறார். திரைக்கதை எழுதியவர்கள் ரிச்சர்ட் லாக்ரவனீஸ், எலிசபெத் சாண்ட்லர் இருவரும். வார்னர் பிரதர்ஸ் தயாரிப்பு. இந்தியா உட்பட எல்லாமே ஸ்டுடியோவுக்குள் கட்டிய உலகம்தான்.

ஊரையும் வருடத்தையும் மாற்றியதில் எனக்கு வருத்தமே இல்லை. சுரங்கப் பங்கு நஷ்டத்தைத் திரையில் காட்டி ஒரு குழந்தையை அழவைக்க முடியாது. பதுங்குகுழியையும் புகையையும் காட்டினால் எட்டு வயதுக்கும் புரிகிறது.

நிறத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இம்மானுவேல் லுபெஸ்கி ஒளிப்பதிவு. பிற்காலத்தில் மூன்று வருடம் தொடர்ந்து ஆஸ்கர் வாங்கியவர் இவர்தான். இந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு, கலை இயக்கம் இரண்டிலும் பரிந்துரை மட்டும் கிடைத்தது. படத்தில் சாரா வளர்ந்த இந்தியா முழுக்க மஞ்சள், வெயில் பட்ட பொன் நிறம். பள்ளிக்கூடம் முழுக்கப் பச்சை. சுவர் பச்சை, சீருடை பச்சை. இலையின் பச்சை என்று நினைத்துவிடாதீர்கள், வெயில் படாத கிணற்றுச் சுவரில் படியும் பாசியின் பச்சை. முதல் முறை பார்த்தபோது எனக்கு இது தெரியவில்லை, ஏனோ குளிர்கிறது என்று மட்டும் தோன்றியது. இரண்டாவது முறைதான் கவனித்தேன், மஞ்சள் திரும்ப வரும்போதெல்லாம் யாரோ ஒருவர் சாராவிடம் அன்பாக நடந்துகொள்கிறார். பக்கத்து வீட்டு இந்தியர் ராம் தாஸ் வரும்போது மஞ்சள். பசியோடு தூங்கிய சாராவும் பள்ளியின் வேலைக்காரச் சிறுமி பெக்கியும் காலையில் கண்விழித்து, பரண் அறை முழுக்கப் பட்டுத் திரைகளும் சுடச்சுடச் சாப்பாடுமாக இருப்பதைப் பார்க்கும்போது மஞ்சள். அந்தக் காட்சியில் என் மகள் வாயைத் திறந்தபடி டிவி பக்கம் நகர்ந்து நகர்ந்து போய்விட்டாள்.

அந்த விருந்துக்கு முந்தைய இரவைத்தான் குறிப்பாகப் பார்க்க வேண்டும். தண்டனையாக இருவருக்கும் சாப்பாடு இல்லை. பெக்கியும் சாராவும் இருப்பதாகப் பாவித்து ஒரு விருந்தைப் பேசிப் பேசியே சாப்பிடுகிறார்கள். மிகையான நடிப்பு இல்லை. பசித்த குழந்தைகள் சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது வருகிற அந்த அவசரம் இருக்கிறதே, ஒருத்தி சொல்லி முடிப்பதற்குள் மற்றவள் அடுத்த பதார்த்தத்தைச் சொல்வது, அது அப்படியே வந்திருக்கிறது. ஹாஸ்டலில் விளக்கணைத்த பிறகு நாங்களும் இப்படித்தான் பேசுவோம். ஒருத்தி வீட்டுக் குழம்பை ஆரம்பித்தால் அடுத்த கட்டிலிலிருந்து ஒருத்தி வறுவலைச் சேர்ப்பாள்.

சரி, ராமாயணம்.

படம் சாரா கதை சொல்வதோடு தொடங்குகிறது. பள்ளிக்கு வந்தபிறகும் இரவு நேரங்களில் தோழிகளைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு தொடர்கிறாள். ராமனின் உடல் நீலம். இராவணனுக்குப் பத்துத் தலை. எல்லாம் பொம்மலாட்டத் திரைச்சீலை மாதிரி வரைந்து வைத்த உலகத்தில் நடக்கிறது. நம் கண்ணுக்கு முதலில் உறுத்தத்தான் செய்யும். ராமனாக நடித்திருப்பவர் லியாம் கன்னிங்ஹாம், அயர்லாந்துக்காரர். சாராவின் அப்பாவாக நடிப்பவரும் அவரே. லட்சுமணன் இல்லவே இல்லை. சீதையைச் சுற்றி வட்டம் போடுவது ராமன்தான். "லட்சுமணன் எங்கம்மா?" என்று என் மகள் உடனே கேட்டாள். தூங்கப்போகும்போது அப்பா சொன்ன கதையில் அவர்தானே கோடு போட்டார் என்று அவளுக்கு ஒரே குழப்பம்.

நான் யோசித்துப் பார்த்தேன். இந்தக் கோடு வால்மீகியில் இல்லை. கம்பனிலும் இல்லை. கம்பனின் இராவணன் சீதையைத் தொட அஞ்சி, அவள் இருந்த பர்ணசாலையையே நிலத்தோடு பெயர்த்து எடுத்துக்கொண்டு போகிறான். கோடு வாய்வழியாகக் கதை சொன்னவர்கள் சேர்த்தது. பாட்டிகள், கூத்துக்காரர்கள், காலட்சேபக்காரர்கள் என்று எத்தனையோ பேர் வாயில் உருண்டு நமக்கு வந்த கதையில், சாராவும் தன் பங்குக்கு ஒன்றைச் செய்கிறாள். ராமனுக்குத் தன் அப்பாவின் முகத்தைக் கொடுத்துவிடுகிறாள். கதை கேட்கிற எந்தக் குழந்தையும் நாயகனுக்குத் தனக்குப் பிடித்த ஒரு முகத்தைத்தானே கொடுக்கும்? எனக்கு ராமன் என்றால் எங்கள் கணக்கு வாத்தியார் முகம்தான் ரொம்ப நாள் இருந்தது. அப்படிப் பார்த்தபிறகு அந்த நீல நிற அயர்லாந்து ராமன் எனக்கு உறுத்துவதே இல்லை. அது இந்தியாவின் ராமன் என்று படம் சொல்லவில்லை, சாராவின் தலைக்குள் இருக்கும் ராமன்.

இந்தக் கதையை வெறும் அலங்காரமாகவும் வைத்திருக்கவில்லை. இராவணன் விடும் அம்பிலிருந்து நச்சுப் புகை கிளம்பி ராமனைச் சூழ்கிறது. அதே புகை போர்முனையில் பதுங்குகுழிக்குள் சாராவின் அப்பாவைச் சூழ்கிறது. பெல்ஜியத்தின் ஈப்ரஸ் போர்க்களத்தில் 1915 ஏப்ரலில் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்களே, அந்தப் போர். அங்கே என்ன நடக்கிறது என்று நியூயார்க்கில் இருக்கும் சாராவுக்குத் தெரியாது. அவள் பாட்டுக்குத் தோழிகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள். இரண்டு புகையும் ஒன்றாகும்போது நமக்கு மட்டும் தெரிந்துவிடுகிறது. அந்த வெட்டுக்காகவே இயக்குநரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

இந்தியாவைக் காட்டியதில் எனக்கு முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன். யானை, குரங்கு, காடு, மந்திரம் என்று வெளியிலிருந்து பார்க்கிற கனவு இந்தியாதான். வெள்ளைக்கார கேப்டன் அங்கே எதற்காக இருந்தார் என்ற கேள்வி படத்தில் எழுவதே இல்லை. ராம் தாஸ் அதிகம் பேசாத, எல்லாம் அறிந்த மாயக்காரராக வருகிறார். இருந்தாலும் நாவலோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். நாவலில் அவர் குனிந்து சலாம் போட்டுக்கொண்டே இருக்கிற வேலைக்காரர். படத்தில் எரோல் சிட்டஹால் அவரை நிமிர்ந்து நிற்கவைத்திருக்கிறார். பனி கொட்டும் இரவில் இரண்டு வீட்டு மாடியிலிருந்தும் அவரும் சாராவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் இடத்தில், ஊரை விட்டு வந்த இரண்டு பேர் என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. நாவலில் சாரா அவரிடம் அவருடைய மொழியிலேயே பேசுவாள், அதைக் கேட்டதும் அவர் முகம் மலரும். எனக்கு மிகவும் பிடித்த பக்கங்களில் அது ஒன்று. படம் வார்த்தைக்குப் பதில் பார்வையை வைத்துக்கொண்டது.

பெக்கியையும் மாற்றியிருக்கிறார்கள், நல்லதுக்கு. நாவலில் பெக்கி லண்டன் அடுப்படிச் சிறுமி. கதை முடிந்தபிறகும் அவள் சாராவுக்குப் பணிப்பெண்தான். சிறுவயதிலேயே அது எனக்கு நெருடியது. பரணில் ஒரே பசியைப் பங்கு போட்டுக்கொண்டவளை எப்படி அப்படியே விட்டுவிடலாம்? படத்தில் பெக்கி கறுப்பினச் சிறுமி. 1914 நியூயார்க்கில் அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் பிரசங்கம் செய்வதில்லை. மற்ற பெண்கள் அவளிடம் பேசக்கூடாது என்ற விதி மட்டும் இருக்கிறது, அதுவே போதும். வனெஸ்ஸா லீ செஸ்டர் நடித்த அந்தப் பெக்கி கடைசியில் சாராவோடு ஒரே வண்டியில், பக்கத்தில் உட்கார்ந்து, சகோதரியாகப் போகிறாள். இங்கே நாவலைவிடப் படம்தான் நியாயமாக இருக்கிறது.

சாராவாக லீசல் மாத்யூஸ். அழகாக அழத் தெரிந்த குழந்தை நட்சத்திரம் இல்லை. அழுகையை அடக்கும்போது உதடு கோணுகிறது, மூக்கு சிவக்கிறது. மிஸ் மிஞ்சினாக எலினோர் ப்ரோன், கறுப்பு முடியில் ஒரு வெள்ளைக் கீற்று. அவரை ராட்சசியாகவே வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சாரா அவரிடம், எல்லாப் பெண்களும் இளவரசிகள்தான், உங்கள் அப்பா உங்களிடம் அப்படிச் சொன்னதே இல்லையா என்று கேட்கும்போது அந்த முகத்தில் ஒரு நொடி எதுவோ ஓடி மறைகிறது. என் வார்டனை நினைத்துக்கொண்டேன். அவரிடமும் யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இசை பாட்ரிக் டாயில். 'கிண்டில் மை ஹார்ட்' என்று ஒரு தாலாட்டு மாதிரியான பாட்டு வருகிறது, அதை என் மகள் அர்த்தம் தெரியாமல் இரண்டு நாள் முனகிக்கொண்டு திரிந்தாள்.

இனி அந்தச் சண்டை.

நாவலில் அப்பா திரும்பி வருவதில்லை. சாரா எவ்வளவு நல்லவளாக இருந்தாலும், எவ்வளவு கதை சொன்னாலும், இறந்தவர் இறந்தவர்தான். பக்கத்து வீட்டில் வந்து குடியிருக்கும் காரிஸ்ஃபோர்ட் என்ற நோயாளிதான் அப்பாவின் அந்தப் பழைய நண்பர். சுரங்கம் உண்மையில் மூழ்கவில்லை. நண்பனின் மகளைத் தேடி அவர் பாரிஸ், மாஸ்கோ என்று ஆள் அனுப்பிக்கொண்டிருக்க, அவள் சுவருக்கு அந்தப் பக்கம் பட்டினி கிடக்கிறாள். கடைசியில் கண்டுபிடிக்கிறார்கள். சாராவுக்குச் செல்வம் திரும்புகிறது, பாதுகாக்க ஒருவர் கிடைக்கிறார். அப்பா மட்டும் கிடைப்பதில்லை.

படத்தில் பக்கத்து வீட்டுக் கிழவர் சார்ல்ஸ் ராண்டால்ஃபின் மகன் போரில் காணாமல் போகிறான். நினைவிழந்த ஒரு வீரனை மகனாக இருக்குமோ என்று ராண்டால்ஃப் வீட்டுக்கு அழைத்து வருகிறார். அவர்தான் கேப்டன் க்ரூ. செய்யாத குற்றத்துக்குப் போலீஸ் பிடிக்க வர, சாரா இரண்டு மாடிக்கு நடுவே ஒரு பலகையைப் போட்டு, கொட்டுகிற மழையில் அதன்மேல் நடந்து அந்த வீட்டுக்குள் போய் அப்பாவைப் பார்க்கிறாள். அவருக்கு அவளைத் தெரியவில்லை. மிஸ் மிஞ்சினுக்கு அவரைத் தெரிகிறது, தெரிந்தும் இல்லை என்று மறுக்கிறார். போலீஸ் இழுத்துக்கொண்டு போகிறது. அப்புறம் அவருக்கு நினைவு வருகிறது, மகள் பெயரைக் கத்திக்கொண்டு மழைக்குள் ஓடி வருகிறார்.

எடுத்த விதத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பலகைக் காட்சியில் என் கை தானாக மகளின் தோளைப் பிடித்துக்கொண்டது. அப்பா தன்னை அடையாளம் காணாமல் பார்க்கும்போது சாரா காட்டும் தவிப்பில் நானும் அழுதேன். ஆனாலும் அந்த அழுகை அடங்கியபிறகு எனக்குள் ஒரு கோபம் வந்தது. வட்டத்துக்குள் படுத்து அழுத குழந்தைக்குக் கதை துணையாக இருந்தது, அதுதான் நாவலின் பலம். அப்பாவை மீட்டுத் தந்ததால் அந்தக் கதைக்கு மதிப்பு வரவில்லை. அவர் வரமாட்டார் என்று தெரிந்த பிறகும் அவளை உடைந்துபோகாமல் வைத்திருந்ததால்தான் மதிப்பு. பதினோரு வயதில் நான் அந்தக் கிழிந்த புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கியதற்குக் காரணம், சாராவின் அப்பாவும் வரவில்லை என்பதுதான். வந்திருந்தால் அன்றே அதை அலமாரியில் திருப்பி வைத்திருப்பேன்.

மகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ராமன் வந்து சீதையைக் கூட்டிக்கொண்டு போனார் இல்லையா, அப்படியென்றால் இவரும் வந்துதானே ஆகவேண்டும் என்றாள். அவள் சொல்வதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. படம் போட்டுக்கொண்ட கணக்கும் அதுவே. ராமாயணத்தை எடுத்துக்கொண்டு, சீதை மீண்டு வருகிற இடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும், சாரா அந்தப் பகுதியைச் சொல்வதில்லை.

இந்தக் கதையில் அப்பாவை உயிரோடு கொண்டுவந்த முதல் ஹாலிவுட் படமும் இது இல்லை. 1939இல் ஃபாக்ஸ் எடுத்த 'தி லிட்டில் பிரின்சஸ்' படத்தில் ஷெர்லி டெம்பிள் சாரா. முழுக்க வண்ணப் படம். அதில் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போர், அங்கே மாஃபெகிங் ஊரின் முற்றுகை, மருத்துவமனை மருத்துவமனையாக அப்பாவைத் தேடும் மகள், விக்டோரியா மகாராணிகூட வருகிறார். அதிலும் அப்பா பிழைத்திருக்கிறார், நினைவு தடுமாறி. குவாரோன் படம் நாவலைப் போலவே அந்தப் படத்துக்கும் கடன்பட்டது. ஷெர்லி டெம்பிளின் பாட்டும் நடனமும் பிடிக்குமென்றால் அதையும் பார்க்கலாம். எனக்கு அந்தச் சாரா ஒரு நிமிடம்கூடப் பசித்திருந்ததாகத் தோன்றவில்லை.

பசி என்றதும் இன்னொன்று. நாவலில் ஒரு பன் கடை வரும். பட்டினியோடு சேற்றில் நடந்துபோகும் சாராவுக்குத் தெருவில் ஒரு நாலு பென்னிக் காசு கிடைக்கிறது. அதற்குக் கடைக்காரம்மா நாலு பன்னுக்குப் பதில் ஆறாகப் போட்டுத் தருகிறார். வாசலில் தன்னைவிடப் பசியோடு ஒரு பிச்சைக்காரச் சிறுமி. சாரா ஒரு பன்னைக் கொடுக்கிறாள், அப்புறம் மூன்று, கடைசியில் இன்னொன்று, மொத்தம் ஐந்து. நாலாவதை வைக்கும்போது அவள் கை நடுங்குகிறது. எழுத்தாளர் அந்தப் பன்களை எண்ணி எண்ணிக் கொடுக்கிறார். தயாள குணம் என்பது என்னவென்று ஒரு குழந்தைக்கு அதைவிடத் துல்லியமாகக் காட்டிய பக்கத்தை நான் வாசித்ததில்லை. படத்திலும் சாரா தன் பன்னைக் கொடுத்துவிடுகிறாள், கனிவாகத்தான் எடுத்திருக்கிறார்கள், ஆனால் அந்த எண்ணிக்கை இல்லை, கை நடுக்கம் இல்லை. பலகைக் காட்சிக்குச் செலவிட்ட நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

1995 மே மாதம் அமெரிக்காவில் வெளியானபோது படம் ஓடவில்லை. அங்கே வசூலானது சுமார் 1 கோடி டாலர்தான். விமர்சகர்கள் கொண்டாடியும் பலனில்லை. பிறகு வீடியோவிலும் டிவிடியிலும் பார்த்துப் பார்த்துத்தான் அது தன் குழந்தைகளைக் கண்டுபிடித்தது. இதே இயக்குநரிடம்தான் 2004இல் மூன்றாவது ஹாரி பாட்டர் படம் போய்ச் சேர்ந்தது. அதைப் பார்த்தவர்கள் இதைப் பார்த்தால், அந்தப் பள்ளிக்கூடத்தின் குளிரும் இருட்டும் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொள்வார்கள்.

என்னிடம் இருப்பது டிவிடி. 97 நிமிடம். ஆங்கில வசன எழுத்து உண்டு. மகள் அவ்வளவு வேகமாக வாசிக்க மாட்டாள் என்பதால் நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ராமாயணப் பகுதி வந்ததும், நீ சும்மா இரு, எனக்கே தெரியும் என்று வாயைப் பொத்தினாள். அமெரிக்காவில் எல்லா வயதினரும் பார்க்கலாம் என்று ஜி சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். நான் கேட்டால் ஆறு வயதுக்குக் கீழே வேண்டாம் என்பேன். பத்துத் தலை இராவணனுக்குப் பிள்ளைகள் பயப்படுவதில்லை, பதுங்குகுழியில் கிடக்கும் வீரர்களைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பலகைக் காட்சியில் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். சமீபத்தில் அப்பாவையோ அம்மாவையோ இழந்த குழந்தைக்கு இந்தப் படத்தைத் தயவுசெய்து முதலில் காட்டாதீர்கள். அந்தக் குழந்தைக்குப் புத்தகத்தைக் கொடுங்கள். மற்ற எல்லாருக்கும் இரண்டையும் கொடுங்கள், எந்த வரிசையிலும்.

படம் பார்த்து முடித்த மறுநாளே மகள் புத்தகம் வேண்டும் என்றாள். தினம் இரவு ஒரு அத்தியாயமாகத் தமிழில் சொல்லி வருகிறேன். மொத்தம் பத்தொன்பது. நேற்று பதின்மூன்றாவது, பன் கடை. ஐந்தாவது பன்னைக் கொடுத்தபோது, "அவளுக்கு ஒண்ணாவது வெச்சுக்கிட்டாளா?" என்று கேட்டாள். வைத்துக்கொண்டாள் என்றேன். விளக்கை அணைத்தபிறகு, புத்தகத்தில் அப்பா எத்தனையாவது அத்தியாயத்தில் வருவார் என்று கேட்டாள். இன்னும் ஆறு அத்தியாயம் இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.